அக்கா மகனின் 4 வினாடி

திருகோணமலையின் உப்புவெளி ஊரே உறங்கிவிட்டது. நான் மட்டும் வீடியோ கேம் பந்தயக் காரின் முன்சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடம், வடக்குச் சுற்று. ஒரு தடவை சுற்றவே 20 கிலோமீட்டருக்கு மேல்.

கார் வளைவில் திரும்ப மறுத்து நேரே ஓடியது. வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரை முன்பக்கத்தில் தளர்த்தினேன். மூக்கு திரும்பியது, வால் துள்ளி வேலியில் மோதியது. எங்கள் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மான்கூட இப்படித் துள்ளாது! கேம்பரை, அதாவது சக்கரம் உள்நோக்கிச் சாயும் அளவை, கூட்டினால் வளைவில் பிடிப்பு வருகிறது; பிரேக் பிடிக்கும்போது டயரின் உள்விளிம்புதான் தரையைக் கவ்வுகிறது. கியர் விகிதத்தை நீட்டினால் நேர்ப்பாதையில் பறக்கிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறது. ஒன்றைச் சமாதானப்படுத்தினால் மற்றது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கல்யாண வீட்டுச் சம்பந்திகள் போல.

இதில் திரையோரத்து விளக்கம் வேறு: ‘மதிப்பைக் கூட்டினால் கடினமாகும்.’ அது எனக்குத் தெரியாதா?

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அக்கா மகன், எதையும் மாற்றாத காரை எடுத்து ஓட்டி என் நேரத்தை 4 வினாடி முந்தினான்.

“மாமா, பிரேக்கைக் கொஞ்சம் முன்னதாகப் பிடியுங்கள்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.

அவன் போனதும் பின் டயரின் காற்றை இன்னும் ஒரு புள்ளி குறைத்துப் பார்த்தேன். மறுபடியும் வேலி.