சிங்கமீன் ‘கடித்தால்’ ஐஸா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வாட்சாப்பில் சுற்றும் செய்தி: ‘சிங்கமீன் கடித்தால் ஐஸ் வையுங்கள். கொடிய விஷம் என்பதால்தான் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலேயே தடை.’

தவறு. தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கும் இந்தக் கடல்மீன் (lionfish) கடிப்பதில்லை, குத்தும். முதுகில் மட்டும் 13 விஷ முள். தொட்டிக்குள் கைவிட்டுப் பாசி தேய்க்கும்போது, மூலையில் மாட்டிய மீன் முள்ளை விரித்துக்கொண்டு திரும்பும். விஷம் புரதம், சூட்டில் சிதையும். அதனால் ஐஸ் வேண்டாம். குத்திய இடத்தைச் சுமார் 45 டிகிரி சுடுநீரில் 30 முதல் 90 நிமிடம் ஊறவையுங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், வலியில் தோல் வெந்தாலும் தெரியாது. அப்புறம் கிளினிக். மூச்சுத் திணறினால் 999.

தடையா? ஃபுளோரிடா 2014-இல் உயிருள்ள சிங்கமீன் இறக்குமதியை நிறுத்தியது உண்மை. காரணம் விஷமல்ல, அந்நிய மீனாக வந்து அங்குள்ள பவளப்பாறை மீன்களைத் தின்று தீர்ப்பதுதான். நம் கடலுக்கோ அது சொந்த மீன்.