ஸ்லைடில் இருப்பதுதான் ஆன்சராம்!

ஐந்து மார்க். வெறும் ஐந்து மார்க்கில் போனது வினாடி வினாவின் முதல் பரிசான அந்த ஹாட்பாக்ஸ். ஹாட்பாக்ஸ் எனக்கு முக்கியமில்லை. வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது, மூன்றுக்கும் மூடி பொருந்தாது. ஆனால் தப்பான பதிலுக்கு மார்க்கை வாரிக் கொடுத்து, சரியான பதிலுக்கு முட்டை போட்டு, போதாக்குறைக்கு "ஸ்போர்ட்டிவ்வா எடுத்துக்குங்க சார்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்களே, அதுதான் மூன்று நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

குடியிருப்போர் சங்க ஆண்டு விழா. உங்கள் அபார்ட்மெண்டிலும் நடந்திருக்கும், விளக்க வேண்டியதில்லை. மாறுவேடப் போட்டியில் நான்கு பாரதியார், எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் ஒரு சண்டை, கடைசியில் வினாடி வினா. நடத்துகிறவரும் உங்களுக்குத் தெரிந்தவர்தான்; எல்லா பிளாக்கிலும் ஒருவர் இருப்பார். மைக் கைக்கு வந்ததும் குரல் தானாக ஒரு கட்டை இறங்கும். இவர் இந்த வருடம் "மேற்கத்திய இசைச் சுற்று" என்று ஒன்றைப் புதிதாகப் புகுத்தியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் குஷி. வாழ்நாளில் எதற்கும் உதவாமல் மண்டையில் சேர்த்து வைத்த விஷயமெல்லாம் ஒரு நாளாவது ஹாட்பாக்ஸாக மாறட்டுமே என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் ஸ்லைடில் விளக்கம். கவனியுங்கள், விளக்கத்தை எழுதியது நான் இல்லை, அவர். "ஒன்-ஹிட் வொண்டர் என்றால் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் 40 இடத்துக்குள் ஒரே ஒரு பாட்டோடு நின்றவர்." சரி. பில்போர்டு என்பது வாரா வாரம் ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்; அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு அதுதான். அடுத்த ஸ்லைடில் கேள்வி. கீழ்க்கண்டவர்களில் ஒன்-ஹிட் வொண்டர் அல்லாதவர் யார்? அ) ஆ-ஹா, ஆ) நேனா, இ) ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஈ) லோஸ் டெல் ரியோ.

பஸ்ஸர் கிடையாது, எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்ட வேண்டும். தட்டினேன்.

"ஆ-ஹா" என்றேன்.

"சந்தோஷம் அப்புறம் படலாம் சார், பதிலைச் சொல்லுங்க."

"ஆ-ஹாதான் சார் பதில்."

"ஆஹா, ஓஹோ எல்லாம் சரி. ஆப்ஷன் என்ன?"

"அ."

"ஆ-வா?"

"ஆ இல்லை சார், அ. அ-வில் இருக்கிற ஆ-ஹா."

"ஆ-வில் நேனாதானே இருக்கு?"

கூட்டம் சிரிக்கிறது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்றாம் வகுப்பில் எழுதிய முதல் இரண்டு எழுத்துகள் ஐம்பத்திரண்டு வயதில் என்னைச் சபையில் நிறுத்திக் கொல்லும் என்று யார் நினைத்தார்கள்? நான் எழுந்து போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் பார்த்தார். "தப்பு" என்றார். மைக்கைத் தூக்கிப் பிடித்து, "ஆ-ஹாவுக்கு டேக் ஆன் மீ ஒண்ணுதான். சரியான விடை, இ, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்!" கைதட்டல். எதிர் அணிக்கு ஐந்து மார்க்.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அவருடைய ஸ்லைடு, அவருடைய விளக்கம், அதன்படியே பார்ப்போம். ஆ-ஹா என்ற நார்வேக்காரர்கள் மூன்று பேர் 1985-இல் அந்தப் பாட்டோடு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தார்கள். பென்சில் ஓவியத்துக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீளுமே, அந்த வீடியோ. அதோடு நின்றார்களா? அடுத்த பாட்டு அதே அமெரிக்கப் பட்டியலில் இருபதாம் இடம். இருபது என்பது நாற்பதுக்குள் வருமா, வராதா? ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். அதைவிடக் கொடுமை, பிரிட்டனில் டேக் ஆன் மீ இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. அங்கே அவர்களுக்கு முதலிடம் வாங்கித் தந்தது, நம் வினாடி வினாக்காரர் கேள்வியே படாத அந்த இரண்டாவது பாட்டுதான், 1986 தொடக்கத்தில். அடுத்த வருடமே ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குத் தலைப்புப் பாட்டும் பாடினார்கள். ஒரே பாட்டாம்!

இப்போது ஹெண்ட்ரிக்ஸ். கிட்டார் என்றாலே அவர்தான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் அவர் எத்தனை முறை வந்தார்? ஒரே முறை. 1968-இல், பாப் டிலன் எழுதிய பாட்டை இவர் தன் பாணியில் வாசித்துப் பாடியது. எத்தனையாவது இடம்? அதே இருபது! ஆக இருபதாம் இடத்துக்கு வந்த ஒரே பாட்டோடு நின்றவர் "ஒன்-ஹிட் இல்லை." முதலிடத்தில் ஒன்று, இருபதில் ஒன்று வைத்திருப்பவர்கள் "ஒன்-ஹிட்." இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் இந்த மனிதர் எங்கள் மெயின்டனன்ஸ் பணத்தையும் பார்க்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், வருடத்தோடு. எதிர் அணித் தலைவர் எழுந்தார். "ஹெண்ட்ரிக்ஸ் எவ்வளவு பெரிய லெஜண்ட், அவரைப் போய் ஒரே பாட்டுக்காரர்னு சொல்றீங்களே, நியாயமா?" என்றார். நான் எங்கே சொன்னேன்? நீங்கள் போட்ட விளக்கம் சொல்கிறது. விளக்கம் கோணல் என்றால் விளக்கத்தை மாற்றுங்கள், என் மார்க்கை ஏன் பிடுங்குகிறீர்கள்?

"போனில் பார்த்துடலாமா?" என்று கேட்டேன்.

"போட்டி நடக்கும்போது மொபைல் அனுமதி இல்லை சார்." சொல்லிக்கொண்டே தன் மொபைலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேடினார்.

"அப்படியென்றால் எதை வைத்து முடிவு செய்வது?"

"ஸ்லைடில் இருப்பதுதான் ஆன்சர்."

திருக்குறளைச் சொல்வது மாதிரி சொன்னார். அதற்கு மேல் என்ன பேச முடியும்? பேசினேன். இன்னும் ஏழு நிமிடம் பேசினேன். சாம்பார் ஆறுகிறது என்று சமையல்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்த யாராவது ஒருத்தர் எப்போதும் சரியான பதில் சொன்னவனாகத்தான் இருக்க வேண்டும், கவனித்திருக்கிறீர்களா?

இந்த ஒன்-ஹிட் பட்டியல் போடுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். 2002-இல் விஎச்1 என்ற அமெரிக்க இசைச் சேனல் நூறு பேரை வரிசைப்படுத்தியது. அதிலும் ஆ-ஹா உண்டு. வெனிலா ஐஸும் உண்டு. 1990-இல் முதலிடத்துக்கு வந்து, அடுத்த பாட்டில் நான்காம் இடத்துக்கும் வந்தவர். நான்காம் இடம் ஹிட் இல்லையாம். முதல் பரிசு யாருக்கு? மக்கரேனாவுக்கு. 1996-இல் பதினான்கு வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் உட்கார்ந்திருந்த பாட்டு என்பது உண்மைதான். பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் கையைத் தோளில் வை, தலையில் வை, இடுப்பில் வை என்று வதைத்த வகையில் எனக்கும் அதன்மேல் தனிப்பட்ட பகை உண்டு. ஆனால் அதைப் பாடிய லோஸ் டெல் ரியோ என்ற அந்த இரண்டு பேர் யார்? ஸ்பெயினில் செவில் பக்கத்துக்காரர்கள், 1960களிலிருந்தே ஜோடியாகப் பாடிக்கொண்டிருந்தவர்கள். முப்பது வருடம் பாடியதெல்லாம் கணக்கில்லை, மயாமியில் யாரோ ரீமிக்ஸ் போட்ட பிறகுதான் பிறந்தார்கள் போலிருக்கிறது.

நேனா என்ற ஜெர்மன் பாட்டுக் குழுவின் சங்கதியும் இதுதான். பலூன் பாட்டு 1984-இல் ஜெர்மன் மொழியிலேயே அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. ஜெர்மனியில் அதற்கு முன்னும் ஹிட், பின்னும் ஹிட். ஆனால் கணக்குப் பிள்ளை அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிறார், அவர் எண்ணினால்தான் எண்ணிக்கை.

எனக்கு ஆறவே ஆறாதது ஜப்பானின் கியூ சகமோட்டோ கதை. நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடப்போம், கண்ணீர் கீழே விழாமல் இருக்கட்டும் என்று தொடங்குகிற பாட்டு. 1963-இல் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம், முழுக்க ஜப்பானிய மொழியில். பேர் வாயில் நுழையவில்லை என்று வெளிநாட்டு கம்பெனிக்காரர்கள் அதற்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? சுகியாகி. அது மாட்டிறைச்சி போட்டுக் கொதிக்க வைக்கும் ஒரு பதார்த்தம்! பாட்டில் இறைச்சியும் இல்லை, சட்டியும் இல்லை. நம்மூர்ச் சோகப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் "மீன் குழம்பு" என்று பேர் போட்டு விற்றால் எப்படி இருக்கும்? பேரையும் மாற்றிவிட்டு, ஜப்பானில் பெரிய நட்சத்திரமாக இருந்தவரை ஒன்-ஹிட் என்று பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். என்னைத் தரவரிசை போடச் சொன்னால் அந்தப் பாட்டுக்குத்தான் முதலிடம், அதைப் பட்டியலிலிருந்து எடுத்தால்தான் நியாயம் என்ற குறிப்போடு.

இவ்வளவையும் மைக் இல்லாமலே சொல்லி முடித்தபோது சாப்பாட்டுப் பந்தி பாதி முடிந்திருந்தது. எங்கள் அணியில் மூன்றாவது ஆள், யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "விடும் தம்பி. உங்கட ஆக்களைச் சிலோன் மனோகர் ஆரெண்டு கேட்டால் சுராங்கனி எண்டு ஒண்டைச் சொல்லுவினம். எங்களுக்கு அந்தாள் பொப் இசைச் சக்கரவர்த்தி. எத்தினை பாட்டு! நீங்கள் ஒண்டை மட்டும் கேட்டதுக்கு மனோகரன் என்ன செய்யிறது?"

எனக்கு அப்பளம் தொண்டையில் நின்றது. ஏனென்றால் எனக்கும் சுராங்கனி ஒன்றுதான் தெரியும். படங்களில் வில்லனாக வந்தார் என்பது வரை தெரியும். பாட்டு? ஒன்று. மேடையில் நின்று நார்வேக்காரர்களுக்காக ஏழு நிமிடம் வாதாடியவனுக்குக் கடல் தாண்டியவுடன் இருக்கும் ஒருவருடைய இரண்டாவது பாட்டின் பேர் தெரியவில்லை. அதைப் பெரியவரிடம் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வரும்போது சங்கச் செயலாளர் வழிமறித்தார். "அடுத்த மாதம் பாட்லக் சார். நீங்க அந்த வத்தக்குழம்பு வெச்சுடுங்க." 2014-இல் ஒரு முறை வைத்தேன். அதற்குப் பிறகு இதே கூட்டத்துக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் கொடுத்திருக்கிறேன், மோர்க்குழம்பு கொடுத்திருக்கிறேன், ஒரு பொங்கலுக்கு ஏழுகாய்க் கூட்டு கொடுத்திருக்கிறேன். யாருக்கும் ஞாபகமில்லை. "அந்த வத்தக்குழம்பு சார்!" மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆஹா" என்றாள். அவள் சொன்னது எந்த ஆஹா என்று நான் கேட்கவில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாம் பரிசு ஒரு சுவர்க் கடிகாரம். செல் போடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டுக்கு வந்தால் "பழுது, படிக்கட்டைப் பயன்படுத்தவும்" என்று அட்டை. பத்து நாளாகத் தொங்குகிறது. நான்கு மாடி. பழுது பார்க்க ஆள் வருகிறாரா, மாதா மாதம் வாங்குகிற பணம் எங்கே போகிறது என்று கேட்டால், "அடுத்த மீட்டிங்கில் ஸ்லைடு போட்டு விளக்குவோம்" என்கிறார்கள்.