சூனியக்காரிகள் மேல் பழி போடாதீர்கள்

ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மன்னரைக் கொன்று அரியணை ஏறும் ஸ்காட்லாந்துத் தளபதி மேக்பெத் பற்றிப் பேச்சு வந்தாலே, "பாவம், சூனியக்காரிகள் அவனைக் கெடுத்துவிட்டார்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அந்த மூன்று பேரும் கொலை செய் என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளாமிஸ் பிரபுவே, காடார் பிரபுவே, அரசனாகப் போகிறவனே என்று வாழ்த்துகிறார்கள், அவ்வளவுதான். அதிலும் காடார் பட்டத்தை, பின்னால் அவன் கையால் சாகப்போகும் டங்கன் மன்னர் முந்தைய காட்சியிலேயே அவனுக்குக் கொடுத்தாகிவிட்டது. நமக்கு அது பழைய செய்தி, அவனுக்குத்தான் ஆரூடம்.

பக்கத்திலேயே அவனுடைய சக தளபதி பாங்க்கோவும் நிற்கிறான். உன் வம்சம் ஆளும் என்று அவனுக்கும் சொல்கிறார்கள். அவன் கத்தியைத் தூக்கவில்லையே? இருட்டின் ஆட்கள் சில்லறை உண்மைகளைச் சொல்லி நம்பவைத்து, பெரிய விஷயத்தில் கவிழ்த்துவிடுவார்கள் என்று நண்பனை எச்சரிக்கத்தான் செய்கிறான்.

இந்த நாடகம் 1606 வாக்கில் எழுதப்பட்டது. அப்போது இங்கிலாந்து அரியணையில் இருந்தவர் முதலாம் ஜேம்ஸ். சூனியக்காரிகள் புயலைக் கிளப்பித் தன் கப்பலைக் கவிழ்க்கப் பார்த்தார்கள் என்று நம்பியவர். 1590-91-ல் ஸ்காட்லாந்தில் நடந்த நார்த் பெரிக் சூனிய வழக்குகளில் தானே உட்கார்ந்து விசாரித்தார், 1597-ல் பேய், சூனியம் பற்றிப் புத்தகமே எழுதினார். அப்பேர்ப்பட்டவரின் ஆதரவில் இருந்த நாடகக் குழுவுக்காக எழுதும்போது ஷேக்ஸ்பியர் என்ன செய்கிறார் பாருங்கள். அலெப்போ போன மாலுமி ஒருவனைப் பழிவாங்கத் துடிக்கும் சூனியக்காரி, அவன் கப்பலைப் புயலில் அலைக்கழிக்கலாம், மூழ்கடிக்க மட்டும் முடியாது என்று தானே ஒப்புக்கொள்கிறாள்! அவர்கள் சக்தியின் எல்லை அதுதான். மேக்பெத்தும் தானாகத்தான் மூழ்குகிறான்.

அதற்காக, எல்லாமே அவன் மனப்பிரமை என்று சொல்லிவிடவும் முடியாது. சூனியக்காரிகளை இரண்டு பேர் பார்க்கிறார்கள். கொலைக்கு முன் அந்தரத்தில் தொங்கும் கத்தியை மேக்பெத் ஒருவன்தான் பார்க்கிறான், அவனுக்கே அதில் சந்தேகம். பிறகு அவன் ஆளேவிக் கொன்ற பாங்க்கோவின் ஆவி விருந்தில் வந்து உட்காருகிறது; அதையும் அவன் ஒருவன்தான் பார்க்கிறான், இந்த முறை சந்தேகப்படவே இல்லை. அப்புறம் அவன் மனைவி. தீய ஆவிகளே வாருங்கள் என்று வாய்விட்டு அழைத்தவள் அவள். எந்த ஆவியும் வந்து அவளுக்குப் பதில் சொல்வதை நாம் பார்ப்பதில்லை. கடைசியில் தூக்கத்தில் நடந்து, கையில் இல்லாத ரத்தக் கறையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அமானுஷ்யம் வெட்டவெளியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மண்டைக்குள் குடியேறுகிறது. படைவீரர்கள் மரக்கிளைகளைத் தூக்கிக்கொண்டு வர, பர்னம் காடே நடந்து வருவதுபோல் தெரிவதெல்லாம் சாமர்த்தியமான ஜோடனை. என்னைக் கலங்கடிப்பது இந்தக் குடியேற்றம்தான்.

ஆகவே, மேடையில் பாங்க்கோவின் ஆவியைக் காட்டுவதா வேண்டாமா என்ற பழைய சண்டையில் நான் காட்டு என்பவர்கள் பக்கம். 1794-ல் லண்டனில் நடிகர் ஜான் கெம்பிள் வெறும் நாற்காலியை வைத்து நடித்துப் பார்த்தார். கேட்க நவீனமாக இருக்கிறது. ஆனால் நாற்காலி காலியாக இருந்தால், நாமும் மற்ற விருந்தாளிகளோடு உட்கார்ந்து அவனைப் பைத்தியம் என்று சொல்லிவிடுவோம். ஆவி வந்து உட்கார்ந்தால்தான் கொலைகாரன் பார்ப்பதை நாமும் பார்க்க வேண்டிவரும். கத்தியை வேண்டுமானால் காட்டாமல் விடட்டும்.