எங்கள் ஆயிரம் ரூபாயில் கை வைக்காதீர்கள்

மினிமம் பேலன்ஸ் வைக்கவில்லை என்று கல்லூரி மாணவர்களிடம் அபராதம் பிடிப்பதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. காசு இல்லாதவரிடம், காசு இல்லை என்பதற்காகவே காசு பிடுங்குகிறார்கள்!

என் அறைத்தோழிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்கு வந்தால் கிடைக்கும் உதவி அது. 2022 செப்டம்பரில் தொடங்கியது. (பையன்களுக்கு 2024 ஆகஸ்ட்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது.) பஸ், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, நாப்கின் எல்லாம் அவளுக்கு அந்த ஆயிரத்தில்தான். வீட்டில் கேட்க முடியாது, கேட்கவும் மாட்டாள்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு வங்கிக்காரர்கள் விடுதி வாசலில் மேசை போட்டார்கள். "ஸ்டூடண்ட் அக்கவுண்ட்மா, ஜீரோ பேலன்ஸ், கையெழுத்து போடு" என்றார்கள். போட்டாள். ஓராண்டு கழிந்ததும் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும் என்பது படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் கிடக்கிறது. ஆதாரை இந்தக் கணக்கோடு இணைக்கச் சம்மதம் என்ற கட்டமும் அதே படிவத்தில் இருக்கிறது. கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ, ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் அங்கேதான் போய் விழும். பழைய கணக்கில் பத்திரமாக விழுந்துகொண்டிருந்த ஆயிரம் இப்படித்தான் இந்தக் கணக்குக்கு வந்தது. ஓராண்டு முடிந்த பிறகு, பணம் வந்த சூட்டோடு பாதிக்கு மேல் அபராதமாகப் போனது. அபராதத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு!

முன்கூட்டியே சொன்னார்களா? ரிசர்வ் வங்கியின் 2014 நவம்பர் சுற்றறிக்கையில் தெளிவாக இருக்கிறது: இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும், குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில்தான் பிடிக்க வேண்டும், அபராதத்தாலேயே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. இவளுக்கு வந்தது, பிடித்த பிறகு ஒரு குறுஞ்செய்தி. அவ்வளவுதான்.

மினிமம் பேலன்ஸ் இருக்கிறதா என்று பார்க்க, மாத சராசரி என்று அவர்கள் போடும் கணக்கையும் சொல்லியாக வேண்டும். ஸ்காலர்ஷிப் 25,000 ரூபாய் இன்று வருகிறது, நாளையே ஹாஸ்டல் ஃபீஸாகப் போகிறது. கணக்கில் அது ஒரே ஒரு நாள் இருந்ததால், 30 நாளுக்குப் பிரித்தால் மாத சராசரி 833 ரூபாய். இருபத்தைந்தாயிரம் வந்துபோன கணக்கு, அவர்கள் பார்வையில் இருப்பு வைக்காத கணக்கு. எங்கள் பணம் தங்குவதற்காக வருவதில்லை, கட்ட வேண்டிய இடத்தில் கட்டுவதற்காக வருகிறது. இது தெரிந்துதானே மாணவர் கணக்கு என்று விற்கிறார்கள்?

எந்த வங்கியில் வட்டி அதிகம் என்று வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள். 7 சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அது லட்சக்கணக்கில் வைப்பவர்களுக்கு. பெரிய வங்கிகள் தருவது 2.5 சதவீதம். ஆண்டு முழுக்க 8,000 ரூபாயை அசைக்காமல் வைத்தாலும் கிடைப்பது 200 ரூபாய். ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 200 என்றால் வரியோடு 236. வட்டி மொத்தமும் அதிலேயே போய், மேலே 36 ரூபாய் நம் கையிலிருந்து! குறுஞ்செய்திக் கட்டணம் தனி. அதனால் வட்டியைப் பார்க்காதீர்கள், கட்டணப் பட்டியலைப் பாருங்கள். அதைக் கேட்டால்தான் மேசையில் இருப்பவர் முகம் மாறும்.

எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று ஒன்றை 2012-லிருந்தே ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. இருப்பே வைக்க வேண்டாம், ஏ.டி.எம். அட்டை இலவசம், மாதம் நான்கு முறையாவது பணம் எடுக்கலாம். யார் கேட்டாலும் திறந்து கொடுக்க வேண்டும். அவளோடு நானும் கிளைக்குப் போய்க் கேட்டேன். "அதெல்லாம் ஸ்டூடண்ட்ஸுக்குக் கிடையாதும்மா, அது ஏழைங்களுக்கு" என்றார் கவுன்டரில் இருந்தவர். சார், முதலில் அது எல்லோருக்கும் உரியது. அப்புறம், அவள் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அவள் எதிரிலேயே எப்படி அப்படிச் சொல்ல முடிந்தது?

அபராதம் இல்லாமல் வங்கி நடத்தவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனில், இந்தியன் வங்கி ஜூலையில். அதற்கு முன், 2019-20 முதல் ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இந்த வகையில் வசூலித்தது சுமார் 8,500 கோடி என்று நாடாளுமன்றத்திலேயே பதில் வந்தது. அத்தனை கோடியும் இருப்பு வைக்க முடியாதவர்களின் பணம். 2025 ஆகஸ்ட்டில் ஐசிஐசிஐ வங்கி நகரங்களில் புதுக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸ் 50,000 என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே 15,000 ஆக்கியது. சத்தம் போட்டால் இறங்குகிறார்கள்.

நாங்களும் எழுதிக் கொடுத்துவிட்டோம். பிடித்த பணம் திரும்ப வேண்டும், கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்ற வேண்டும் என்று கேட்டு, நகலில் கிளை முத்திரையும் வாங்கியிருக்கிறோம். 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போவோம். அதற்குக் கட்டணம் கிடையாது; விவரம் கேட்க 14448.

இந்த ஆண்டு சேரும் பிள்ளைகளே, மேசை மறுபடி வரும். அவசரப்படுத்துவார்கள். ஜீரோ பேலன்ஸ் எந்தத் தேதி வரைக்கும் என்று கேளுங்கள், அதைப் படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். உதவித்தொகை வரும் கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால், ஆதார் கட்டத்தில் டிக் போடாதீர்கள்.