சொலேர் க்வினின் மகன் இல்லை

டார்க் சோல்ஸ் வீடியோ கேமில் வரும் சூரியனை வணங்கும் வீரர் சொலேர்தான், தெய்வங்களின் அரசனான க்வினின் பெயர் அழிக்கப்பட்ட மூத்த மகன் என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது. 2011-இல் டார்க் சோல்ஸ் வந்த புதிதில் அப்படி நினைக்க நியாயம் இருந்தது: சூரியப் பலிபீடத்தில் பாதம் மட்டும் மிஞ்சி உடைந்து கிடக்கும் சிலை, மூத்த மகன் ஒரு போர்க்கடவுள், தன் முட்டாள்தனத்தால் தெய்வ நிலையை இழந்தவன், இன்று பெயர்கூடத் தெரியாது என்று குறிப்பில் சொல்லும், விளையாட்டில் கிடைக்கும் மோதிரம், அந்தப் பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே சூரியனைப் பார்த்தபடி நிற்கும் சொலேர். யாருக்கும் முடிச்சுப் போடத்தான் தோன்றும்.

சரி, விளையாட்டில் சொலேரின் கவசத்துக்குத் தரப்பட்டிருக்கும் குறிப்பைப் படித்தீர்களா? நெஞ்சில் இருக்கும் சூரியச் சின்னம் அவரே தீட்டியது, அதற்கு எந்தச் சக்தியும் கிடையாது. அஸ்டோரா என்ற நாட்டிலிருந்து வந்த சாதாரண மனிதர், பயிற்சியால் மட்டுமே அவ்வளவு தூரம் வந்தவர். அவரைக் கடவுளின் பிள்ளையாக்கினால் அந்த அழகே போய்விடும்.

அப்புறம் 2016-இல் மூன்றாம் பாகம். ஆர்ச்டிராகன் பீக் என்ற மலையுச்சியில் புயல் டிராகன் மேல் ஏறி, மின்னல் ஈட்டியோடு இறங்கும் பெயரில்லா அரசன்! டிராகன்களைக் கொன்ற போர்க்கடவுள், பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவற்றோடேயே சேர்ந்துகொண்டவன், கிரீடமோ க்வினுடையதைப் போலவே இருக்கிறது. க்வினின் மூத்த மகன் இவன்தான், மோதிரம் சொன்ன முட்டாள்தனம் இதுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டுரையில் இவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.