முரளன் எதைக் குழவினான்?

'முரளன் தெக்கியைக் குழவினான்.' இந்த வரிக்குப் பொருளே கிடையாது, நானே இட்டுக்கட்டியது. ஆனால் 'முரளன் எதைக் குழவினான்?' என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தயங்காமல் 'தெக்கியை' என்று எழுதிவிடும். ஐ உருபு விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. முழு மதிப்பெண்ணும் கிடைக்கும், பாடம் புரிந்துவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம்.

மாலையில் என்னிடம் படிக்க வரும் சிறுமி ஒருத்தி, எழுத்துப் பிசகாமல் கடகடவென்று வாசிப்பாள். போன வாரம் ஒரு கதையில் 'மதகைத் திறந்ததும் வயல் நனைந்தது' என்று வந்தது. மதகு என்றால் என்ன என்று கேட்டேன். "பெட்டி" என்றாள். திருத்த வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டு, எப்படித் தெரியும் என்றேன்.

"திறந்ததும் என்று போட்டிருக்கிறதே, அத்தை."

எவ்வளவு நல்ல யோசனை! பெட்டியைத் திறந்தால் வயல் எப்படியம்மா நனையும் என்று மட்டும் கேட்டேன். விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு மறுபடி வாசித்தாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியென்றால் தண்ணீருக்குக் கதவு" என்றாள். ஏரிக்கரையையே பார்த்திராத பிள்ளை!

ஊகிப்பது, அது அடுத்த சொல்லோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பது, ஒட்டாவிட்டால் திரும்பிப் போய் வாசிப்பது. நன்றாக வாசிக்கிறவர்கள் எல்லாரும் தம்மை அறியாமல் செய்கிற வேலை இது. பல பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் தர வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் பாலின்க்சார், பிரௌன் என்ற இரு ஆய்வாளர்கள், சரளமாக வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் செய்துபார்த்து 1984இல் வெளியிட்டார்கள். ஊகித்தல், கேள்வி கேட்டல், தெளிவுபடுத்திக்கொள்ளுதல், சுருக்கிச் சொல்லுதல் ஆகிய நான்கையும் ஆசிரியரும் மாணவரும் மாறி மாறிச் செய்தார்கள். மாணவர்களின் புரிதல் நன்றாகவே உயர்ந்தது. சிறு பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களெல்லாம் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும்.

தமிழக அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியபோது, எட்டு வயதுக்குள் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்றே இலக்கு வைத்தது. அந்த 'பொருள் புரிந்து' என்ற சொற்களுக்காகவே மகிழ்ந்தேன். வீட்டில்தான் நாம் இன்னும் "நிறுத்தாமல் படி" என்று அதட்டிக்கொண்டிருக்கிறோம். நிறுத்த வேண்டும். நிற்கிற இடத்தில்தான் பிள்ளை யோசிக்கிறது.

நேற்று அவளே நின்றாள். 'அறுத்த நெல் களத்துக்கு வந்தது' என்ற வரி. "இங்கே ஏதோ இடிக்கிறது, அத்தை. நெல் எதற்குச் சண்டைக்குப் போகிறது?"

போர்க்களம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நெற்களத்தைக் கண்டுபிடிக்க இருவருமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்.