உயிரைப் பணயம் வைத்தா பறக்கிறார்கள்?

இந்திய விமானப்படையின் வான் சாகசக் குழுவான சூர்யகிரணின் காணொளியை யார் பகிர்ந்தாலும் கீழே தவறாமல் ஒரு கருத்து வந்து உட்கார்ந்துவிடும்: "உயிரைப் பணயம் வைத்துப் பறக்கிறார்கள், சல்யூட்!" சல்யூட் சரி. அந்தப் பணயம்தான் எனக்கு உறுத்துகிறது. பணயம் வைக்கிற ஆளாக இருந்தால் அந்தக் குழுவில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

ஒன்பது ஹாக் பயிற்சி ஜெட் விமானங்கள் சேர்ந்து வரும்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 மீட்டர்கூட இருக்காது என்கிறார்கள். கீழே நிற்கிற நமக்கு வயிற்றைக் கலக்கும். உள்ளே இருப்பவர் அந்த நேரத்தில் கடலையும் பார்ப்பதில்லை, நம்மையும் பார்ப்பதில்லை. பக்கத்து விமானத்தின் உடம்பில் இன்ன இடமும் இன்ன இடமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும் என்று ஒரு கணக்கு. அது பிசகாதபடி கையைத் துளித்துளியாக அசைத்துக்கொண்டே இருப்பார். தலைகீழாகப் போகும்போதும் அதே வேலைதான். எங்கே திரும்புவது, எந்த உயரத்தில் வளைவை முடிப்பது என்பதெல்லாம் தலைவரின் தலைவலி. இதற்குப் புதிதாகச் சேர்ந்த பையன்களை எடுப்பதில்லை. போர் விமானம் ஓட்டியவர்களை, பெரும்பாலும் மற்றவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த பயிற்றுநர்களைத்தான் எடுக்கிறார்கள்.

புகை விஷயமும் அப்படித்தான். சூடான எஞ்சின் காற்றில் டீசலைச் செலுத்தினால் வெள்ளைப் புகை, சாயம் கலந்தால் வண்ணப் புகை. நமக்கு அது அழகு. எதிரெதிராக வருகிற இரண்டு விமானிகளுக்கோ மற்றவர் எங்கே இருக்கிறார் என்று தூரத்திலேயே காட்டிக்கொடுக்கிற அடையாளம்.

விபத்து நடக்கவில்லையா? நடந்தது. 2006இலும் 2009இலும் கர்நாடகத்தின் பீதர் பக்கம், 2019இல் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்கு முந்தைய நாள் பெங்களூரு எலகங்காவில். நான்கு விமானிகள் இறந்தார்கள். மூன்றுமே பயிற்சியிலோ ஒத்திகையிலோ நடந்தவை. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஆபத்தை அங்குலம் அங்குலமாகக் குறைப்பதுதான் இவர்களின் தொழில் என்கிறேன். 1996இல் பீதரில் கிரண் என்ற பயிற்சி விமானங்களோடு தொடங்கிய குழு இது. 2011இல் பயிற்சி விமானங்கள் பற்றாமல் போனபோது, மாணவர்களுக்கு விமானம் வேண்டும் என்று குழுவையே நிறுத்தி வைத்தார்கள். 2015இல்தான் ஹாக்கோடு திரும்பியது. குழுவை நிறுத்தி வைத்த அந்த முடிவுக்கு யாரும் சல்யூட் அடித்து நான் பார்த்ததில்லை.

ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் 1988 ஆகஸ்ட் 28 அன்று நடந்ததைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இத்தாலியக் குழு வானத்தில் இதயம் வரைந்து, அதை ஒரு விமானம் ஊடுருவி வருகிற காட்சி. அந்த விமானம் பார்வையாளர்கள் பக்கமாக வந்தது. மூன்று விமானங்கள் மோதின, ஒன்று கூட்டத்துக்குள் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள், அதில் 67 பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கூட்டத்தை நோக்கி வித்தை காட்டக்கூடாது, இத்தனை தூரம் தள்ளித்தான் பறக்க வேண்டும் என்ற விதிகள் அதற்கப்புறம் பல நாடுகளில் இறுகின. இன்று மெரினாவிலோ கொழும்பு காலிமுகத்திடலிலோ விமானங்கள் கடலுக்கு மேலே பறப்பது காட்சிக்கு அழகு என்பதற்காக மட்டும் இல்லை.

இப்போது 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை வான் சாகச நிகழ்ச்சிக்கு வருகிறேன். வானத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கீழே ஐந்து பேர் இறந்தார்கள். வெயிலிலும் நெரிசலிலும் மயங்கியவர்கள் நூற்றுக்கணக்கில். நிகழ்ச்சி காலை 11 மணிக்குத் தொடங்கி 1 மணி வரை. எனக்கு முன்னால் ஒரு அம்மா, பிள்ளையின் தலையில் ஈரத்துண்டைப் போட்டு, காலி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். தண்ணீர் விற்கிறவரைத் தேடிப் போகலாம் என்றால், மணலில் கால் வைக்க இடமில்லை. முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பியபோது காமராசர் சாலை நகரவே இல்லை. மறுநாள் கட்சிகள் யார் குற்றம் என்று அடித்துக்கொண்டன. அதில் எனக்கு ஆர்வமில்லை.

விமானத்துக்கு மேகம் இத்தனை உயரத்துக்குக் கீழே வந்தால் ரத்து என்று விதி உண்டு. மணலில் நிற்கிற மனிதனுக்கு வெயில் இவ்வளவு போனால் என்ன விதி? "இவ்வளவு பெரிய நிகழ்ச்சியில் நாலு பேருக்கு ஏதாவது ஆகத்தான் செய்யும்" என்று அன்று சாயங்காலமே சிலர் எழுதினார்கள். விமானிகளைப் பணயம் என்று புகழ்கிற அதே வாய்தான் இதையும் சொல்கிறது. இரண்டும் ஒரே சோம்பேறித்தனம்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மெரினாவில் கடல் கிழக்கே. மதியத்துக்கு மேல் நாலு மணி வாக்கில் வைத்தால் சூரியன் நமக்கு முதுகுப்பக்கம் இருக்கும், கண் கூசாது, விமானத்தின் மேல் வெளிச்சம் நேராக விழும். அக்டோபர் மாலையில் இடிமழை வரலாம்தான். விமானப்படை நாளான அக்டோபர் 8ஐ ஒட்டித்தான் நடத்துவோம் என்றால் காலை எட்டு மணிக்கே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் அனுப்பிவிடலாம். முந்தைய நாட்களில் இதே கடற்கரையில் ஒத்திகை நடக்கத்தானே செய்தது? அதையும் "வாருங்கள், பாருங்கள்" என்று நேரம் போட்டு அறிவித்திருந்தால் கூட்டம் மூன்று நாளாகப் பிரிந்திருக்கும். அடுத்த முறை அழைப்பு வரும்போது எந்தெந்த விமானம் வருகிறது என்ற பட்டியலோடு, தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, எந்தத் தெரு வழியாக வெளியே போவது என்கிற வரைபடமும் சேர்ந்து வரட்டும்.